காட்டுக் கீடா ஜடியா, அறையில் வளர்த்த கார்டிசெப்ஸா? சோதனைச் சீட்டை எப்படிப் படிப்பது?

#1 குடில்காரன்

அனைவருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் சிப்பிக்காளான் குடில் வைத்திருக்கிறேன். கூடவே குளிரூட்டிய ஓர் அறையில் கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற மருந்துக் காளானும் வளர்க்கிறேன். புட்டியில் கைக்குத்தல் அரிசி, ஊட்டக் கரைசல், கிருமி நீக்கம், திரவ வித்து, சில நாள் இருட்டு, பிறகு வெளிச்சம். ஆரஞ்சு நிறத்தில் துடைப்பக் குச்சிகளைப் போல நெருக்கமாக எழும்பி நிற்கும். விளைச்சலில் குறையில்லை, விற்பனையில்தான் மண்டையிடி.

ஒரு வாடிக்கையாளர், "இமயமலைக் கீடா ஜடிதான் அசல், உங்களுடையது அதன் நகல்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். (கீடா ஜடி என்பது இமயமலையில் புழுவின்மேல் முளைக்கும் காட்டுக் காளான்.) இன்னொருவர் சோதனைச் சீட்டு கேட்டார், கொடுத்தேன். அதில் இருப்பது மூன்றே வரி: கார்டிசெபின் (இந்தக் காளானின் மருந்துச் சரக்கு என்று பேசப்படும் சேர்மம்) கிராமுக்கு 4.1 மில்லிகிராம், அடினோசின் (அதை ஒத்த இன்னொரு சேர்மம்) 0.9 மில்லிகிராம், மொத்தப் பாலிசாக்கரைடு (சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) 38 சதவீதம். அவர் வேறொரு விற்பனையாளரின் சீட்டைக் காட்டி, "இவரிடம் பாலிசாக்கரைடு 55 இருக்கிறதே, உங்களிடம் ஏன் குறைவு?" என்கிறார்.

காட்டில் விளைந்ததில் உண்மையிலேயே சத்து அதிகமா? 38க்கும் 55க்கும் என்ன வித்தியாசம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மலையேறி

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாடிக்கையாளர் பக்கம் நியாயம் இருக்கிறது. உத்தராகண்டில் பித்தோராகட் பக்கம் நான் பலமுறை போயிருக்கிறேன். மே மாதம் பனி உருகத் தொடங்கியதும் ஊரே காலியாகி மேல் புல்வெளிகளுக்கு ஏறிவிடும். 3,500 மீட்டருக்கு மேல் கூடாரம் அடித்துக்கொண்டு, ஈரத் தரையில் குப்புறப் படுத்து ஊர்ந்துகொண்டே தேடுவார்கள். வெளியே தெரிவது விரல் நீளத்துக்கு ஒரு பழுப்புக் காம்பு மட்டும். சுற்றிலும் மண்ணைத் தோண்டிப் பெயர்த்தால்தான் அடியில் முழுப் புழு வரும். காம்பு அந்தப் புழுவின் தலையிலிருந்துதான் முளைத்திருக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து மண்ணைத் தட்டி எடுப்பார்கள். காம்பு ஒடிந்தால் விலை பாதியாகிவிடும் என்று அவ்வளவு பதமாகக் கையாள்வார்கள்.

கிலோ பல லட்சத்துக்குப் போகிறது. ஒன்றும் இல்லாமலா? திபெத்திய மருத்துவ நூல்களில் 15ஆம் நூற்றாண்டிலேயே இடம்பெற்ற மருந்து இது. 1993இல் சீன ஓட்டக்காரிகள் உலக சாதனைகளை நொறுக்கியபோது பயிற்சியாளர் மா ஜுன்ரென் இதைத்தானே காரணமாகச் சொன்னார்? அந்தக் குளிரும் அந்த மண்ணும் அரிசிப் புட்டிக்குள் வருமா?

#3 அண்ணாச்சி

மூலிகைத் தரப் பரிசோதனையில், சாற்றில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியோடு காலம் தள்ளியவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். கீடா ஜடியும் குடில்காரன் வளர்ப்பதும் ஒரே காளானின் காட்டு வடிவமும் வீட்டு வடிவமும் அல்ல. இரண்டும் வெவ்வேறு இனங்கள். இமயமலையில் கிடைப்பது ஒபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ். முன்பு அதையும் கார்டிசெப்ஸ் என்றே அழைத்தார்கள். 2007இல் மரபணுத் தரவுகளை வைத்து வகைப்பாட்டைத் திருத்தியபோது பேரினம் மட்டுமல்ல, குடும்பமே வேறாகிவிட்டது. ஆகவே "காட்டிலா, வளர்ப்பிலா" என்று கேட்கும்போதே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இரண்டாவது, கார்டிசெபின். 1950இல் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே மிலிட்டாரிஸிலிருந்துதான். அடினோசினில் சர்க்கரைப் பகுதியின் மூன்றாம் கார்பனோடு இருக்கும் ஓர் ஆக்சிஜன் கார்டிசெபினில் இல்லை. மற்றபடி இரண்டும் ஒன்றுதான். மூலக்கூறு எடை அடினோசினுக்கு 267, கார்டிசெபினுக்கு 251. மிலிட்டாரிஸ் இதை எப்படித் தயாரிக்கிறது என்பதை 2017இல் சீன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்தடுத்து அமைந்த நான்கு மரபணுக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. சைனென்சிஸின் மரபணுத்தொகுதியில் அந்தத் தொகுப்பு கிடையாது.

அப்படியானால் காட்டுக் கீடா ஜடியிலும் கொஞ்சம் கார்டிசெபின் இருப்பதாகப் பழைய கட்டுரைகள் சில சொல்கின்றனவே என்று கேட்பீர்கள். அடினோசினும் கார்டிசெபினும் 260 நானோமீட்டர் பக்கம்தான் ஒளியை உறிஞ்சும். கருவியில் சேர்மங்களைப் பிரிக்கும் சி18 நெடுங்குழாயிலிருந்து முதலில் அடினோசின் இறங்கும், அதை ஒட்டியே கார்டிசெபின். காளான் சாற்றில் இதே குடும்பத்துச் சேர்மங்கள் இன்னும் பல உண்டு. புற ஊதா உணரியை மட்டும் நம்பினால் வரைபடத்தில் பக்கத்துச் சேர்மத்தின் முகட்டைக் கார்டிசெபின் கணக்கில் எழுதிவிட இடமிருக்கிறது. மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலைமானியை இணைத்து 251ஐச் சேர்ந்த மூலக்கூறா என்று பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கே வேலையில்லை.

ஆகவே குடில்காரன் அவர்களே, கார்டிசெபினைத்தான் அளவுகோலாக வைப்பதென்றால் உங்கள் புட்டிதான் ஜெயிக்கும். நகல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மலையேறி அவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: அதே பயிற்சியாளரின் ஓட்டக்காரர்கள் ஆறு பேரை, 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்பு நடந்த ரத்தச் சோதனைகளுக்குப் பிறகு சீனாவே அணியிலிருந்து விலக்கியது. கீடா ஜடிக்கு அந்தப் பதக்கங்களைச் சூட்ட வேண்டாம்.

#4 கணக்குப்பிள்ளை

நன்றி அண்ணாச்சி. ஆனால் 38, 55 என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவன் அந்த எண்ணைத்தானே முதலில் பார்க்கிறான்?

#5 அண்ணாச்சி

அங்கேதான் வருகிறேன். பெரும்பாலான ஆய்வகங்கள் "மொத்தப் பாலிசாக்கரைடு" என்று தருவது பீனால் - கந்தக அமில முறையில் எடுத்த எண். 1956இலிருந்து புழக்கத்தில் இருக்கும் எளிய முறை. சாற்றில் பீனால் கரைசலைச் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தை ஒரே வீச்சாக ஊற்ற வேண்டும். சோதனைக் குழாய் கையைச் சுடும். சங்கிலியாகக் கோத்திருந்த சர்க்கரைகள் எல்லாம் உடைந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் எழும். 490 நானோமீட்டரில் அந்த நிறத்தின் அடர்த்தியை அளந்து, குளுக்கோஸ் வரைகோட்டோடு ஒப்பிட்டு எண்ணை எழுதுவார்கள்.

முறையில் பழுதில்லை. ஆனால் எந்தச் சர்க்கரை வந்தாலும் அமிலம் உடைக்கும், நிறம் எழும். காளான் செல்சுவரில் இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற பாலிசாக்கரைடும் ஒன்றுதான், அரிசி மாவும் ஒன்றுதான். புட்டியிலிருந்து காளானை மட்டும் வெட்டி அரைத்தால் ஓர் எண் வரும். அடியில் இருக்கும் இழையோடிய அரிசியையும் சேர்த்து அரைத்தால் எண் எகிறும். மருந்துச் சரக்கு அங்கே குறைந்திருக்கும், சீட்டில் மட்டும் சதவீதம் ஏறியிருக்கும். 55 வந்தவர் அப்படித்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. 55 என்பதை மட்டும் பார்த்து அவர் சரக்கு உசத்தி என்று முடிவுகட்ட முடியாது என்கிறேன்.

பீட்டா குளூக்கானைத் தனியே அளக்க நொதி முறை இருக்கிறது. மொத்தக் குளூக்கானை ஒரு தடவை அளப்பார்கள். மாவுச்சத்து, கிளைக்கோஜன் போன்ற ஆல்ஃபா குளூக்கானை நொதியால் சிதைத்துத் தனியே இன்னொரு தடவை அளப்பார்கள். கழித்தால் மிச்சம் பீட்டா. சீட்டில் ஆல்ஃபா, பீட்டா இரண்டும் தனித்தனியே இருந்தால்தான் அதை வைத்துப் பேச முடியும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி: தூளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு, டிங்சர் அயோடின் சில சொட்டு விடுங்கள். சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் பிடிக்காது, அவசரப்பட வேண்டாம். மாவுச்சத்து இருந்தால் கருநீலம்.

#6 ஈப்போ மீனா

இங்கே ஈப்போவில் சீன மருந்துக் கடைகளில் இந்தப் புழுக்காளானைக் கண்ணாடிப் பேழையில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். என் மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த நேரத்தில், பக்கத்து வீட்டுச் சீன அம்மா கோழி சூப்பில் போட்டுக் கொடுங்கள் என்று சிலவற்றைக் கொண்டுவந்து தந்தார். அன்பாகத் தந்ததை மறுக்க முடியவில்லை. ஆனால் எனக்குப் பயம் வேறு: ஒடிந்ததை ஒட்டவும் எடை கூட்டவும் உள்ளே கம்பி செருகுவார்கள் என்கிறார்களே, உண்மையா? ஆர்சனிக் இருப்பதாகவும் படித்தேன்.

இன்னொன்று, இங்கே லிங்ஷி என்ற மருந்துக் காளானின் மாத்திரை வாங்காத வீடு குறைவு. அதிலும் இந்த மாவுக் கதை உண்டா?

#7 அண்ணாச்சி

மீனா அம்மா, இரண்டு பயமும் ஆதாரமுள்ளவைதான். கம்பி, குச்சி செருகுவது நெடுங்காலப் பழக்கம். தைவானில் கார்டிசெப்ஸ் தூள் சாப்பிட்டு ஈய நச்சுக்கு ஆளான இருவரைப் பற்றி 1996இல் மருத்துவக் கட்டுரையே வந்திருக்கிறது. ஆர்சனிக் விஷயத்தில் சீன உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2016இல் எச்சரிக்கை விட்டது. அவர்கள் சோதித்த கீடா ஜடி, அதன் தூள், மாத்திரைகளில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருந்தது. ஆரோக்கிய உணவுகளுக்கு அங்கே வரம்பு 1.0. மண்ணுக்குள் இருக்கும் புழுவோடு வருகிற சரக்கு, மண்ணில் உள்ளது அதிலும் இருக்கத்தானே செய்யும். காட்டில் விளைந்தது என்பதாலேயே தூய்மையானது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

லிங்ஷி பற்றி: அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 லிங்ஷித் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. லேபிளில் சொன்னபடி இருந்தவை ஐந்துதான். மற்ற பலவற்றில் அந்தக் காளானுக்கே உரிய டிரைடெர்பீன்கள் இல்லை, பாலிசாக்கரைடு மாவுச்சத்தைப் போல நடந்துகொண்டது. லிங்ஷியின் கசப்புக்குக் காரணமே கனோடெரிக் அமிலம் முதலான அந்த டிரைடெர்பீன்கள்தான். மாத்திரையை உடைத்து நாக்கில் வைத்துக் கசப்பே தெரியாவிட்டால் கடைக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள். சீன மருந்துநூல் லிங்ஷிக்குப் பாலிசாக்கரைடு குறைந்தது 0.90 சதவீதம், டிரைடெர்பீனும் ஸ்டீரால்களும் சேர்த்துக் குறைந்தது 0.50 சதவீதம் என்றுதான் வைத்திருக்கிறது. மருந்துநூலில் ஒரு சதவீதம்கூட இல்லாத இடத்தில் விளம்பரங்கள் 40, 50 என்று பேசுகின்றன. அளக்கும் முறை வேறு, பிரித்தெடுக்கும் முறை வேறு என்பது ஒரு காரணம். மற்ற காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

#8 மலையேறி

அண்ணாச்சி, ஒரே ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு அதை வைத்தே தீர்ப்பு எழுதுகிறீர்கள். காட்டுக் கீடா ஜடியில் கார்டிசெபின் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். கார்டிசெபின் என்ற பேரே தெரியாத காலத்தில்தானே அதை மருந்தாக வைத்தார்கள்? அப்படியானால் அதில் வேறு ஏதோ வேலை செய்கிறது. நீங்கள் அளக்காததால் அது இல்லாமல் போய்விடாது. அடினோசினுக்குச் சீன மருந்துநூலிலேயே அளவு வைத்திருக்கிறார்களே?

#9 அண்ணாச்சி

நல்ல வாதம், இதை ஒதுக்கிவிட முடியாது.

மருந்துநூல் கீடா ஜடிக்கு அடினோசின் 0.010 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது, அதாவது கிராமுக்கு 0.1 மில்லிகிராம். அடினோசின் உயிருள்ள எல்லாவற்றிலும் இருக்கிறது, உங்களிடமும் என்னிடமும் கூட. கீடா ஜடியை ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் வைத்தால் அடினோசின் முதலான நியூக்ளியோசைடுகளின் அளவு கூடுகிறது என்று 2001இலேயே காட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நியூக்ளிக் அமிலங்கள் சிதைவதால் அப்படி. மோசமாக வைத்த சரக்குச் சீட்டில் நல்ல சரக்காகத் தெரியும் விசித்திரம் இது. எங்களைப் போன்றவர்கள் அடினோசினை அளப்பதற்கு முக்கியக் காரணம், அளப்பது சுலபம். இதை ஆய்வகத்துக்காரர்கள் வெளியே அதிகம் சொல்வதில்லை.

விளம்பரங்களில் "கார்டிசெபிக் அமிலம்" என்று ஒன்றையும் பெருமையாகப் போடுவார்கள். அது டி-மானிட்டால் என்று எப்போதோ தெளிவாகிவிட்டது. சிப்பிக்காளானிலும் மொட்டுக்காளானிலும் இருக்கிற அதே மானிட்டால்தான்.

காட்டுக் காளான் உண்மையாகவே வேறுபடும் இடங்களும் உண்டு. ரஷ்யாவில் பிர்ச் மரத்தில் வளரும் சாகா என்ற பூசணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேசப்படும் பெட்டுலின், பெட்டுலினிக் அமிலம் இரண்டும் அந்த மரப்பட்டையிலிருந்து வருபவை. அதே பூசணத்தைத் தானியத்தில் வளர்த்தால் மரமே இல்லை, பெட்டுலின் எங்கிருந்து வரும்? அங்கே மலையேறி சொல்வது முழுக்கச் சரி. இன்னொரு பக்கம் சிங்கப்பிடரிக் காளானைப் பாருங்கள். அதில் ஹெரிசினோன்கள் என்ற சேர்மங்கள் காளான் பகுதியில் கிடைக்கும், எரினசின்கள் என்பவை இழையிலிருந்து கிடைக்கும். 1990களில் ஜப்பானில் கவாகிஷி குழுவினர் பிரித்தெடுத்தவை இவை. எரினசின் வேண்டுமென்றால் தொட்டியில் வளர்த்த இழைதான் கைகொடுக்கும், காட்டில் தேடுவது வீண். இனத்துக்கு இனம், சேர்மத்துக்குச் சேர்மம் விடை மாறுகிறது.

கீடா ஜடியிலேயே "வளர்த்தது" என்பதற்குப் பல பொருள்கள் உண்டு. புழுவைத் தொழிற்கூடத்தில் வளர்த்து அதில் சைனென்சிஸையே ஏற்றி எடுப்பது சீனாவில் இப்போது வணிக அளவில் நடக்கிறது. தொட்டியில் நொதிக்க வைத்த இழைத்தூள் வேறு. குடில்காரனின் மிலிட்டாரிஸ் வேறு. மூன்றையும் "கார்டிசெப்ஸ்" என்ற ஒரே பெயரில் மாத்திரையாக்கி விற்கிறார்கள். இனத்தை அடையாளம் காட்டும் ஐ.டி.எஸ். பகுதியின் டி.என்.ஏ. சோதனை இல்லாமல் தூளைப் பார்த்து எவராலும் எதுவென்று சொல்ல முடியாது, என்னாலும்தான்.

#10 சித்த மருத்துவர், மதுரை

வேதியியல் பேச்சுக்கு நடுவே வைத்தியன் இரண்டு வார்த்தை சொல்லலாமா?

கார்டிசெபின் 4 மில்லிகிராம் இருக்கிறது என்றால் உடம்புக்கு 4 மில்லிகிராம் போய்ச் சேர்ந்தது என்று பொருளில்லை. ரத்தத்தில் அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி அதை விரைவில் சிதைத்துவிடும். மிலிட்டாரிஸே அதைத் தெரிந்துவைத்ததுபோல, கார்டிசெபினோடு கூடவே பென்டோஸ்டாட்டின் என்ற சேர்மத்தையும் தயாரிக்கிறது. அந்த நொதியைத் தடுப்பதுதான் அதன் வேலை. அண்ணாச்சி குறிப்பிட்ட 2017 ஆய்வின் முக்கியச் செய்தியே இதுதான். பென்டோஸ்டாட்டின் சாதாரணப் பொருள் அல்ல, ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவமனையில் ஊசியாகச் செலுத்தும் மருந்து. அப்படியானால் குடில்காரன் தம்பியின் சீட்டில் ஏன் அந்த வரி இல்லை? நல்லதென்று நினைப்பதை மட்டும் அளந்துவிட்டு, கவனிக்க வேண்டியதை விட்டுவிட்டால் அது பாதிச் சோதனைதான்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். மீனா அம்மா, உங்கள் மாமியாரின் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். சாகா பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன்: அதில் ஆக்சலேட் மிக அதிகம். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவர் ஆறு மாதம் தினமும் நான்கைந்து தேக்கரண்டி சாகாத் தூள் சாப்பிட்டுச் சிறுநீரகம் பழுதானதை 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

தம்பிக்கு இன்னொரு வார்த்தை. சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் குணமாகும் என்று துண்டறிக்கையில் அச்சடித்துவிடாதீர்கள். 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடுப்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. இரண்டு நோயும் அதன் பட்டியலில் உள்ளன.

#11 குடில்காரன்

எல்லோருக்கும் நன்றி. அயோடின் சோதனையைச் செய்து பார்த்தேன். மூன்று கண்ணாடி டம்ளர்: காளான் தூள், அடி அரிசித் தூள், வெளியில் வாங்கிய ஒரு காப்ஸ்யூலின் தூள். அடி அரிசி விட்ட நொடியே மை ஊற்றியதுபோல ஆகிவிட்டது. காப்ஸ்யூலும் ஏறக்குறைய அதே நிறம். காளான் தூள் நீலமாகவில்லை, ஆனால் அயோடினின் மஞ்சளாகவும் நிற்கவில்லை, லேசான செம்பழுப்பு. இதற்கு என்ன பொருள்?

அடுத்த சுற்றுச் சோதனைக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். காசும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

#12 அண்ணாச்சி

செம்பழுப்பு நல்ல செய்தி. காளான்கள் மாவுச்சத்துக்குப் பதில் கிளைக்கோஜனைச் சேமிக்கின்றன. அயோடினோடு அது தரும் நிறம் செம்பழுப்பு. உங்கள் காளான் தூளில் அரிசி ஒட்டவில்லை.

சோதனைக்கு: கார்டிசெபினும் அடினோசினும் எச்.பி.எல்.சி.யில், சீட்டோடு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு முகடுகளும் அடித்தளம் வரை இறங்கிப் பிரிந்திருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். எண் உலர் எடைக்கா, வந்த நிலையிலா என்று எழுதச் சொல்லுங்கள். ஈரப்பதம் எட்டிலிருந்து பதினைந்துக்குப் போனால் அதே காளான் வேறு எண் காட்டும். மொத்தப் பாலிசாக்கரைடை விட்டுவிடுங்கள், அந்தக் காசில் ஆல்ஃபா, பீட்டா குளூக்கான் பாருங்கள். ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம் கட்டாயம். மருத்துவர் சொன்ன பென்டோஸ்டாட்டினை எல்லா இடத்திலும் பார்க்க மாட்டார்கள், நிறை நிறமாலைமானி உள்ள இடத்தில் கேளுங்கள். ஒரு முறையாவது பார்த்துவிடுவது நல்லது, மருத்துவர் சொன்னதை நான் வழிமொழிகிறேன்.

ஆய்வகங்களுக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டு என்று சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் சோதனைவாரியாகத் தருவது. கார்டிசெபின் சோதனை அவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்ச் சோதனைக்கு வாங்கிய அங்கீகாரத்தின் முத்திரையைக் காளான் சீட்டில் குத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மாதிரி எடுக்கும்போது நன்றாக எழும்பிய ஒரே புட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பல புட்டிகளிலிருந்து எடுத்து ஒன்றாக அரைத்துக் கலந்து அனுப்புங்கள். தாய் வித்தைத் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தால் மிலிட்டாரிஸ் சீக்கிரம் நலிந்துவிடும், காளானும் எழும்பாது, கார்டிசெபினும் குறையும். ஆகவே வித்தின் தலைமுறை எண்ணைப் புட்டியிலேயே எழுதிவையுங்கள். இந்தத் தலைமுறைச் சீட்டை வைத்து மூன்று தலைமுறை தள்ளி வந்த சரக்கை விற்க முடியாது.

#13 மலையேறி

சோதனை விஷயத்தில் அண்ணாச்சியோடு எனக்குச் சண்டையில்லை. கீடா ஜடியின் மருத்துவ மதிப்பைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவுமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மேலே புல்வெளியில் ஆண்டுக்கு ஆண்டு கிடைப்பது குறைகிறது என்று அங்குள்ளவர்களே புலம்புகிறார்கள். 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். தன் சிவப்புப் பட்டியலில் இதை அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்த்துவிட்டார்கள். 15 ஆண்டுகளில் குறைந்தது 30 சதவீதம் சரிவு என்பது அவர்கள் கணிப்பு. வித்து பரப்புவதற்கு முன்பே பறித்துவிடுகிறோம், பனிப்பொழிவும் முன்போல் இல்லை. ஆசைக்கு வாங்குகிறவர்கள் குடில்காரனிடமே வாங்கட்டும்.

#14 குடில்காரன்

ஐயா, உங்களிடமிருந்து இந்தச் சிபாரிசை எதிர்பார்க்கவில்லை, நன்றி.

கடைசியாக ஒரு கேள்வி. காளான் வெட்டிய பிறகு மிஞ்சும் அடி அரிசியை என்ன செய்வது? கிலோ கணக்கில் சேர்கிறது. காயவைத்து அரைத்துத் தந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வியாபாரி தினமும் தொலைபேசியில் அழைக்கிறார்.

#15 அண்ணாச்சி

அதிலும் கார்டிசெபின் ஊறியிருக்கும், வெறும் குப்பை அல்ல. விற்பதானால் "கார்டிசெப்ஸ் வளர்த்த அரிசித் தூள்" என்று எழுதி, அதற்கெனத் தனிச் சீட்டு எடுத்து, அதற்கேற்ற விலையில் விற்கலாம். அந்த வியாபாரி எந்த லேபிள் ஒட்டப்போகிறார் என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.

#16 குடில்காரன்

கேட்டேன். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். கொடுக்கவில்லை. மாதிரி திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போகிறது. சீட்டு வந்ததும் வரைபடத்தோடு இங்கேயே போடுகிறேன், முகடுகளை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.